முடியாத துயரத்துக்கு ஓர் இடம்

(மொன்றியல், இல்-பிசாரில் தமிழ்ச் சபைப் போதகர்களும் ஊழியர்களும் கூடிய ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம்முடைய சபைகளில் ஞாயிறு ஆராதனையின் நடுவே சாட்சி நேரம் வரும். ஒரு சகோதரி எழும்பி முன்னால் போவார். அகதி வழக்கில் மறுப்பு வந்தது, உபவாசமிருந்து ஜெபித்தோம், மேல்முறையீட்டில் கிடைத்துவிட்டது என்பார். இன்னொருவர், கட்டி இருக்கிறது என்று டாக்டர் சொன்னார், ஜெபித்தோம், மறுபடி படம் எடுத்தபோது ஒன்றுமில்லை என்பார். சபை அல்லேலூயா சொல்லும். நானும் சேர்ந்து சொல்கிறவள்தான். கர்த்தர் செய்த நன்மையைச் சபை நடுவே சொல்வது வேதம் காட்டிய வழி; அதைக் குறைத்துப் பேச நான் வரவில்லை. ஆனால் அந்த நேரத்தில் என் கண் பின்வரிசைக்குப் போய்விடுகிறது. மேல்முறையீட்டிலும் தோற்றவர் அங்கேதான் இருக்கிறார். கட்டி கரையாதவர் அங்கேதான் இருக்கிறார். அவருக்கு எந்த ஞாயிறு மைக் கொடுக்கிறோம்?

துயரம் முடிந்த பிறகுதான் நம் சபையில் அதைப் பற்றிப் பேசலாம் என்று யாரும் சட்டம் எழுதவில்லை. ஆனால் நடைமுறை அப்படித்தான் ஆகிவிட்டது. முடியாத துயரத்தோடு இருக்கிறவர் ஒன்றில் சிரித்துக்கொண்டு வருகிறார், இல்லாவிட்டால் வராமல் விட்டுவிடுகிறார். நான் இன்று பேச வந்தது இதைப்பற்றித்தான்.

இந்த இல்-பிசார் தீவில் ஆறு ஏறிய காலம் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். 2017 மே மாதத்தில் மொன்றியல் மாநகரம் அவசரநிலை அறிவித்தது. இராணுவத்தினர் வந்து தெருக்களில் மணல்மூட்டை அடுக்கினார்கள். 2019 வசந்தத்தில் மறுபடியும் அதே பாடு. நிலவறைக்குள் தண்ணீர் வந்த வீட்டுக்காரரைப் பார்த்து, உன் விசுவாசம் குறைந்துபோய்விட்டது, அதனால்தான் ஆறு வந்தது என்று ஒருவரும் சொல்லவில்லை. மூட்டையைத் தூக்கினார்கள், சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தார்கள். ஆறு மாதமாக நித்திரையில்லாமல் தவிக்கிற சகோதரனிடம் மட்டும் ஏன் நாம் முதலில் விசுவாசத்தின் அளவைக் கேட்கிறோம்?

நாம் எப்படிப்பட்ட சபை என்பதைக் கொஞ்சம் நினைத்துப் பார்ப்போம். 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து ஓடி வந்தவர்களும் அவர்கள் பிள்ளைகளுமே நம்மில் பெரும்பாலோர். 1986 ஆகஸ்டில் நியூபவுண்ட்லாந்து கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்துகொண்டிருந்த 155 தமிழரை மீனவர்கள் கண்டு காப்பாற்றினார்கள். அவர்களில் பலர் இந்த நகரத்துக்கும் ரொறன்ரோவுக்கும் வந்து சேர்ந்தார்கள். பார்க்-எக்ஸ்டென்ஷனிலும் கோட்-டெ-நெஜிலும் ஒரு அறை, ஒரு சமையலறை வீடுகளில் ஜெபக் கூட்டங்கள் கூடின. பிறகு குடும்பங்கள் பியர்பொன், டொலார் பக்கம் வீடு வாங்கி நகர்ந்தன. அங்கிருந்து பாலம் கடந்தால் இன்று நாம் நிற்கும் இந்தத் தீவு.

இதில் ஒன்றை நாம் போதிய அளவு பேசுவதில்லை. நம் விசுவாசிகளில் கணிசமானவர்கள் இந்தியாவிலோ இலங்கையிலோ கிறிஸ்தவர்களாகப் பிறந்தவர்கள் அல்ல. இங்கே வந்து, தனிமையில், ஒரு பனிக்காலத்தில் யாரோ ஒரு அக்கா சோறு கொண்டுவந்து கொடுத்து ஜெபம் பண்ணியதில் இயேசுவை அறிந்துகொண்டவர்கள். அதன் விலையாக அண்ணன் தம்பியோடு கதை அறுந்தது. கலியாண வீடு, செத்த வீடு என்று எல்லா இடத்திலும் ஒரு ஒதுக்கம். அப்படிப்பட்டவருக்குச் சபைதான் தாய்வீடு. அவருக்கு மனம் உடைந்தால் எங்கே போவார்? ஊரில் சொன்னால், "பார், உன்ரை இயேசு உன்னைக் கைவிட்டிட்டார்" என்பார்கள். சபையில் சொன்னால், பாவம் ஏதும் இருக்கிறதா என்று தேடுவார்கள். இரண்டு பக்கமும் கதவு சாத்தினால் மனிதன் பேச்சை விழுங்கிக்கொள்வான். விழுங்கிய பேச்சு தலைவலியாக, நெஞ்செரிவாக, முதுகு நோவாக வெளியே வரும். யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் உளநல மருத்துவராகப் பணியாற்றிய தயா சோமசுந்தரம், நம் மக்கள் மனக்காயத்தை உடம்பின் நோவாகவே கொண்டுவருகிறார்கள் என்று எழுதியிருக்கிறார். ஒவ்வொரு வாரமும் தலைவலிக்கு ஜெபிக்க முன்னால் வருகிற தாயை நம் எல்லாச் சபைகளிலும் காணலாம். அவருடைய தலைக்கு மேல் கை வைக்கிறோம். எப்போது தொடங்கியது அம்மா என்று கேட்கிறோமா?

வீட்டுக் கூட்டம் முடிந்த நேரத்தை நினைத்துப் பாருங்கள். நான் ஒரு குடும்பத்தைச் சொல்லவில்லை. எல்லா வீட்டிலும் நடக்கிறதைச் சொல்கிறேன். வாசலில் பனிச்சப்பாத்துகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன, உருகிய தண்ணீர் விரிப்பில் ஊறுகிறது. முன்னறையில் பாஸ்டரைச் சுற்றி ஆண்கள். ரோல்ஸும் பால்தேத்தண்ணியும் போகின்றன. சமையலறையில் இரண்டு பெண்கள். ஒருவர் கோப்பை கழுவுகிறார், மற்றவர் துடைக்கிறார். குழாய்த் தண்ணீர்ச் சத்தத்துக்குள்ளே, முகத்தைத் திருப்பாமலே, ஒரு வசனம் வருகிறது: "அக்கா, எனக்கு இப்ப கொஞ்ச நாளா ஜெபிக்கவே மனம் வருகுதில்லை." அதற்குப் பிறகு ஒரு மௌனம். அந்த அக்கா என்ன சொல்லப்போகிறார் என்பதில்தான் சபையின் மேய்ப்புப் பணி இருக்கிறது. பிரசங்கம் அரை மணித்தியாலத்துக்கு முன்பே முடிந்துவிட்டது. "ஐயோ, அப்படிச் சொல்லாதை, பிசாசின்ரை சோதனை" என்று சொன்னால் அந்தப் பெண் இனி வாய் திறக்க மாட்டார். "எப்ப இருந்து? சாப்பிடுறியா? வா, நாளைக்கு நான் வாறன்" என்று சொன்னால் ஒரு உயிருக்கு வழி திறக்கும்.

நம்முடைய சபைகளில் மேய்ப்புப் பணியின் பெரும்பகுதியைச் செய்பவர்கள் சமையலறையில் நிற்கும் இந்தப் பெண்கள். அவர்களுக்கு ஒரு பயிற்சியும் இல்லை, ஒரு பெயரும் இல்லை, ஒருவரும் அவர்களுக்காக மேடையில் ஜெபிப்பதும் இல்லை. இது சரியல்ல.

முடியாத துயரம் என்றால் என்ன என்று கேட்கிறவர்களுக்கு ஊரைக் காட்டுகிறேன். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் வீதியோரம் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். போர் முடிந்த 2009 மேயில் இராணுவத்தின் கையில் ஒப்படைத்த மகன் எங்கே என்பது அவர்கள் கேள்வி. அந்தக் கேள்வியோடு உட்கார்ந்த பல தாய்மார் பதில் கிடைக்காமலே இறந்துபோனார்கள். அந்தத் தாய்மாரின் தங்கைகளும் மகள்களும் நம் சபைகளில் இருக்கிறார்கள். செத்த வீடு கொண்டாட முடியாது, ஏனென்றால் செத்தானா என்று தெரியாது. நம்பிக்கையோடு இரு என்று சொல்லவும் முடியாது. ஆறுதல் பாட்டுப் பாடிக் கல்லறையில் வைக்க உடல் இல்லை. இந்தத் துயரத்தை எந்தச் சாட்சி நேரத்தில் சொல்வது?

மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தை மறக்க முடியுமா? 2019 ஏப்ரல் 21, உயிர்த்தெழுதல் ஞாயிறு. குண்டு வெடித்தபோது இறந்தவர்களில் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் பலர். நம்மைப் போன்ற சுவிசேஷ சபை அது. உயிர்த்தெழுதலைப் பாடக் கூடிய காலையில் பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் எந்த வசனத்தை எடுத்துக்கொண்டு போவது? வசனம் இல்லாமலும் போகலாம். யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் இராப்பகலாய் அவனோடு தரையில் உட்கார்ந்தார்கள், ஒரு வார்த்தையும் பேசவில்லை. அந்த ஏழு நாளும் அவர்கள் நல்ல நண்பர்கள். எட்டாம் நாளிலிருந்து விளக்கம் சொல்லத் தொடங்கினார்கள். அதற்குத்தான் கடைசியில் கர்த்தர் அவர்களைக் கண்டித்தார்.

வேதத்தை நாம் பாதியாகத்தான் படிக்கிறோம் என்று எனக்குத் தோன்றுகிறது. சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு முறைப்பாடும் அழுகையும். எண்பத்தெட்டாம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது, கடைசியில்கூட விடியவில்லை. அதையும் பரிசுத்த ஆவியானவர்தான் உள்ளே வைத்தார். எரேமியாவின் புலம்பல் ஒரு முழுப் புத்தகம். ஒப்பாரி அஞ்ஞானிகளின் வழக்கம் என்று நம் முன்னோர் காலத்தில் ஊழியர்கள் தடுத்தார்கள். தடுத்தது ஒன்று, அதற்குப் பதிலாக வேதத்திலிருந்த புலம்பலைக் கொடுக்காமல் விட்டது இன்னொன்று. இரண்டாவதுதான் பெரிய பிழை. அழத் தெரிந்த ஒரு சமூகத்திடமிருந்து அழும் மொழியை வாங்கிக்கொண்டு, கைதட்டும் பாட்டை மட்டும் கொடுத்தோம்.

எலியாவை நினையுங்கள். கர்மேல் மலையில் அக்கினி இறங்கக் கண்ட மனிதன், அதற்குப் பின் சூரைச்செடியின் கீழ் விழுந்து, தான் சாக வேண்டும் என்று கேட்டான். தேவதூதன் வந்து பிரசங்கம் பண்ணவில்லை. தட்டி எழுப்பி அடையும் தண்ணீரும் கொடுத்தான். எலியா மறுபடி படுத்தான்; தூதன் மறுபடி வந்து கொடுத்தான். மலையின் மேல் மெல்லிய சத்தம் அதற்கு எவ்வளவோ நாள் பின்னால்தான்.

சபை வரலாற்றிலிருந்து ஒன்று சொல்ல வேண்டும். அமேசிங் கிரேஸ் பாட்டை நீங்கள் எல்லோரும் பாடியிருப்பீர்கள். அதை எழுதிய ஜான் நியூட்டன் முன்பு அடிமைக் கப்பல் தலைவர், பிறகு இங்கிலாந்தில் ஓல்னி என்ற சிற்றூரின் போதகர். அவர் வீட்டுக்கு அருகில் வில்லியம் கூப்பர் என்ற கவிஞர் வாழ்ந்தார். இரண்டு பேரும் சேர்ந்து ஊர்ச் சபைக்காகப் பாடல்கள் எழுதினார்கள். 1779-இல் அவை ஓல்னி கீதங்கள் என்று வெளிவந்தன. அமேசிங் கிரேஸ் 1773 புத்தாண்டு நாளில் அந்தச் சபையில் முதன்முதலாக வாசிக்கப்பட்டது என்று சொல்கிறார்கள். அதே மாதத்தில் கூப்பரின் மனம் உடைந்தது. தேவன் தன்னைத் தள்ளிவிட்டார் என்று நம்பினார். தன் உயிரைப் போக்கிக்கொள்ளவும் முயன்றார். அதற்குப் பிறகு ஆராதனைக்கு அவர் போகவில்லை.

நியூட்டன் என்ன செய்தார்? கூப்பரைத் தன் போதக வீட்டுக்குள் எடுத்து ஓராண்டுக்கு மேல் வைத்திருந்தார். ஜெபித்தார், நடைக்குக் கூட்டிப்போனார், கூட இருந்தார். கூப்பர் குணமானாரா? இல்லை. இடையிடையே தெளிந்தார், நல்ல கவிதைகள் எழுதினார், ஆனால் 1800-இல் இறக்கும்வரை அந்த இருள் அவரை முழுதாக விடவில்லை. 1780-இல் நியூட்டன் இலண்டனுக்குப் போன பிறகும் கடிதங்கள் நிற்கவில்லை. நம் கணக்கில் இது தோற்ற ஊழியம். சாட்சி சொல்ல ஒன்றுமில்லை. நான் சொல்கிறேன், நியூட்டன் எழுதிய பாட்டைவிட அவர் கூப்பரோடு நடந்த நடைகள் பெரிய ஊழியம். கூப்பருக்கு விசுவாசம் இல்லை என்று நியூட்டன் ஒருநாளும் தீர்ப்புச் சொல்லவில்லை. நண்பன் தன்னைத் தேவன் கைவிட்டார் என்று சொன்னபோதும், நண்பனைத் தான் கைவிடவில்லை.

நம்மவர் ஒருவரையும் சொல்கிறேன். இயேசு அழைக்கிறார் ஊழியத்தை நிறுவிய டி. ஜி. எஸ். தினகரன் இளம் வயதில் உயிரை மாய்த்துக்கொள்ளப் புறப்பட்டவர். அதைத் தம் வாழ்நாள் முழுதும் மறைக்காமல் சொன்னார். 1986-இல் மகள் ஏஞ்சலைச் சாலை விபத்தில் இழந்ததையும் மேடையில் சொன்னார். அவருடைய ஊழியத்தின் மற்ற விஷயங்களைப் பற்றி நம்மிடையே வேறு வேறு கருத்து இருக்கலாம். ஆனால் அவரிடம் இலட்சக்கணக்கானோர் கடிதம் எழுதியதற்கு ஒரு காரணம், இந்த ஆளுக்கு என் இருள் தெரியும் என்ற உணர்வுதான்.

இனி மருந்து. ஜெபமா மாத்திரையா என்ற கேள்வியையே நாம் கைவிட வேண்டும். 1950களில் கனடாவிலிருந்து புளோரன்ஸ் நிக்கல்ஸ் என்ற மனநல மருத்துவர் மிஷனரியாக வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்குப் போய் மனநலப் பணியைத் தொடங்கினார். பாகாயத்தில் உருவான அந்த நிலையத்தில் நோயாளியோடு குடும்பத்தார் ஒருவர் கூடவே தங்க வேண்டும் என்பது வழக்கமாயிற்று. நோயாளியைப் பூட்டி வைத்துவிட்டு வீட்டார் போய்விடும் முறைக்கு அது நேர் எதிர். மருத்துவரும் மாத்திரையும் தாயும் ஜெபமும் ஒரே அறையில் இருந்தன. நம் ஊழியத்தின் பிதாக்கள் அதை முரணாகக் காணவில்லை. இன்று மொன்றியலில் ஒரு கூட்டத்தில், நீ விசுவாசித்தால் அந்த மாத்திரையை விடு என்று ஒருவர் சொல்கிறார் என்றால், அவர் வேதத்தை மட்டும் அல்ல, நம் சொந்த வரலாற்றையும் அறியாதவர். டாக்டரைக் கேட்காமல் இப்படிப்பட்ட மருந்தைத் திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம். எந்தப் போதகருக்கும் அதைச் சொல்ல அதிகாரம் இல்லை.

இந்த மாகாணத்தின் சட்டமும் சில எல்லைகளை வைத்திருக்கிறது. 2012 முதல் கியூபெக்கில் உளசிகிச்சை செய்ய மருத்துவர், உளவியலாளர், அனுமதி பெற்றவர் ஆகியோருக்கே உரிமை. நாம் செய்வது ஆவிக்குரிய உடனிருப்பு. அது பெரிய வேலை, அதற்கு வெட்கப்பட வேண்டாம். அதற்கு மேல் போகும்போது அவர்களிடம் அனுப்பி வைக்க வேண்டும். பிள்ளையை அடிக்கிறார்கள் என்றோ பாலியல் துன்புறுத்தல் என்றோ சந்தேகிக்க நியாயமான காரணம் இருந்தால், இளைஞர் பாதுகாப்பு அலுவலகத்துக்கு அறிவிப்பது எல்லோருக்கும் கடமை. இதில் சபையின் பெயர் கெட்டுவிடும் என்ற பேச்சுக்கே இடமில்லை. அடிவாங்கிய மனைவியை ஜெபித்து அதே வீட்டுக்குத் திருப்பி அனுப்பிவைப்பதும் பாவம்.

பிள்ளைகளைப் பற்றி, வாலிபர்களே, நீங்கள் என்னிடம் கேட்டீர்கள். 1977-இன் மொழிச் சட்டத்தால் நம் பிள்ளைகள் பிரெஞ்சுப் பள்ளிக்குப் போகிறார்கள். மகனுடைய மனக்கவலை பிரெஞ்சில் இருக்கிறது, தாயின் ஜெபம் தமிழில் இருக்கிறது. இன்னொரு பக்கம், தாயை டாக்டரிடம் கூட்டிப்போய் மொழிபெயர்ப்பவனும் அந்த மகன்தான். முகாமில் தனக்கு நடந்ததை ஒரு தாய் மகன் வாயால் எப்படிச் சொல்வாள்? நகரத்து மருத்துவமனைகளில் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். கேட்கச் சொல்லிக்கொடுங்கள். சபையில் தமிழும் பிரெஞ்சும் தெரிந்த, குடும்பத்துக்கு வெளியாளான ஒரு சகோதரி கூடப் போகலாம்.

"ஜெபக் குறிப்பு" என்று வாட்ஸ்அப் குழுவில் போடுகிறோமே, அதைப்பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு சகோதரியின் மனவேதனையை அவருடைய அனுமதி இல்லாமல் குழுவில் போட்டால் அது கோள்தான். நம்பி ஒருமுறை வாய் திறந்தவர் ஊர் முழுக்கத் தன் கதையைக் கேட்டபின் இரண்டாம் முறை வாய் திறக்க மாட்டார்.

கடைசியாகப் போதகர்களிடம். உங்களில் பலர் இரவில் தொழிற்சாலையிலோ டாக்ஸியிலோ வேலை செய்துவிட்டு, காலையில் ஆஸ்பத்திரியில் விசுவாசிக்கு ஜெபித்து, மாலையில் பிரசங்கம் தயாரிக்கிறவர்கள். உங்கள் மனைவி சிரித்துக்கொண்டு எல்லோரையும் உபசரிக்க வேண்டும், உங்கள் பிள்ளை முன்மாதிரியாக இருக்க வேண்டும். உங்கள் வீட்டுச் சண்டையை யாரிடமும் சொல்ல முடியாது. 1856 அக்டோபரில், இருபத்திரண்டு வயது சார்ல்ஸ் ஸ்பர்ஜன் இலண்டனில் பெரிய மண்டபத்தில் பிரசங்கித்தபோது, யாரோ தீ என்று கத்தியதில் எழுந்த நெரிசலில் ஏழு பேர் இறந்தார்கள். அதிலிருந்து வாழ்நாள் முழுக்க மனச்சோர்வு அவரை வந்து வந்து அழுத்தியது. அவர் அதை மறைக்கவில்லை. ஊழியப் பயிற்சி மாணவர்களுக்கு ஒரு முழு விரிவுரையையே அதற்காக ஒதுக்கினார். ஊழியர் சோர்ந்துபோவதைப் பாவம் என்று அவர் சொல்லவில்லை. அது வரும், வரும்போது என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார்.

உங்களுக்கு உங்கள் சபைக்கு வெளியே ஒருவர் வேண்டும். இன்னொரு ஊழியராக இருக்கட்டும், மூத்த ஐயா ஒருவராக இருக்கட்டும், உளவளத்துணையாளராக இருக்கட்டும். மாதத்தில் ஒருநாள் அவரோடு உட்கார்ந்து, ஊழிய அறிக்கை சொல்லாமல், நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று சொல்லுங்கள்.

சபைகளிடம் என் வேண்டுகோள் இதுதான். மாதத்தில் ஒரு ஞாயிறு சாட்சி நேரத்தை முடியாத பாரத்தோடு இருப்பவர்களுக்குக் கொடுங்கள். அவர்கள் முன்னால் வர விரும்பாவிட்டால் கட்டாயப்படுத்த வேண்டாம். ஒரு மூப்பர் எண்பத்தெட்டாம் சங்கீதத்தை வாசிக்கட்டும். வாசித்து முடிந்ததும் உடனே உற்சாகப் பாட்டுக்குப் போகாமல், அமைதியாகச் சிறிது நேரம் நிற்கட்டும். சமையலறையில் நிற்கும் பெண்களில் சிலரைத் தேர்ந்து கேட்கும் பயிற்சி கொடுங்கள். வரும் ஞாயிறு அறிவிப்புத் தாளில் இந்த எண்களைத் தமிழில் அச்சிடுங்கள்: உயிர் ஆபத்து என்றால் 911. தற்கொலை எண்ணம் வந்தால் எந்த நேரமும் 988. மனநெருக்கடிக்கும் குடும்பப் பிரச்சினைக்கும் 811-ஐ அழைத்து இரண்டாம் தெரிவு. வீட்டு வன்முறைக்கு 1 800 363-9010. ஆங்கிலமும் பிரெஞ்சும் தெரியாதவருக்கு இந்த எண்களை அழைத்துப் பேசிக் கொடுக்க ஒரு சகோதரனின் பெயரையும், ஒரு சகோதரியின் பெயரையும் அதற்குக் கீழே போடுங்கள்.